நாற்பத்தோராயிரம் புள்ளிகள்

கேட் அக்கா என்று தன்னைக் கூப்பிடுவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உடம்பை வைத்தோ பல்லை வைத்தோ வந்த பட்டப்பெயர் இல்லை, வேலையை வைத்து வந்த பெயர்தானே என்பாள். பதினொரு பேர் வேலை செய்யும் அந்த மூன்றாம் மாடி ஆபீசில் மருத்துவமனைகளுக்கான இணையதளங்கள் தயாராகின்றன. நோயாளிகள் பார்ப்பதற்கு அல்ல, உள்ளே வேலை செய்கிற டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், பில் போடுகிறவர் எல்லாரும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பதற்கு. அதில் யார் எந்தப் பக்கத்துக்குள் போகலாம், யாரை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று பார்க்கிற பகுதியை எழுதுகிறவள் அவள். தொழிலில் அதற்கு ரூட் கார்டு என்று பெயர். ஆபீசில் எல்லாரும் கேட் என்பார்கள்.

சொன்னால் எளிதான வேலையாகத்தான் தெரியும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கப் போகிறார். திறப்பதற்கு முன்னால் நாலு வரி நிரல் குறுக்கே வந்து நின்று, நீ யார், கடவுச்சொல் கொடுத்துத்தான் வந்தாயா, இந்தப் பக்கம் உனக்கு உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் விடும். இல்லை என்றால் வந்த வழியே அனுப்பும். பில் போடுகிறவர் நோயாளியின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்க முடியாது. நர்ஸ் இன்னொரு நர்ஸின் விடுப்புக் கடிதத்தைப் படிக்க முடியாது. இதை ஒழுங்காக எழுதுவதற்குச் சந்தேகப் புத்தி வேண்டும். கேட் அக்காவுக்கு அது பிறவியிலேயே வஞ்சனையில்லாமல் கிடைத்திருந்தது. எழுதி முடித்ததும் தானே திருடியாக மாறி, பக்கத்தின் முகவரியை நேராக மேலே தட்டி உள்ளே நுழையப் பார்ப்பாள். நுழைய முடிந்துவிட்டால் அன்றைக்கு அவளோடு யாரும் பேச முடியாது.

"நம்ம கேட் சும்மா மரியாதைக்குத்தான். பூட்டு, தகவலை வச்சிருக்கற சர்வர்ல இருக்கணும்" என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது யாருக்காவது சொல்லிவிடுவாள். சொல்லாத வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

இருபத்தொன்பது வயது வரை அவள் ஒரு அரிசி மண்டியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். முப்பதில் படித்து, முப்பத்திரண்டில் இந்தத் தொழிலுக்குள் வந்தாள். இப்போது நாற்பத்தாறு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவளுக்குத் தம்பி தங்கை வயது. வந்த புதிதில், உனக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்களை எல்லாம் அவள் மறக்கவே இல்லை, பெயர் வரிசையாகச் சொல்வாள். எதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை அவள். மருத்துவமனை முதலாளியின் மைத்துனர் ஒருவர், எல்லா நோயாளிகளின் பக்கமும் தன் கைபேசியில் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆள் அனுப்பினார். "அவர் என்ன டாக்டரா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள். "நர்ஸா?" இல்லை. "அப்ப நோயாளியா வந்து படுக்கச் சொல்லுங்க, அவர் பக்கத்தை மட்டும் காட்டுறேன்" என்றாள். மைத்துனர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் தலையாட்டிவிட்டாள். அதுதான் இந்தக் கதை.

ஆபீசில் அவளுக்கு மேலே இருந்த மேலாளருக்கு, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், நூறு என்று பெயர். எதைச் சொன்னாலும் எத்தனை சதவீதம் என்பார். நூறுக்குக் கீழே ஒரு எண்ணைச் சொன்னால் முகம் சுருங்கிப் போகும். ஒரு நாள் மத்தியானம் அவர் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார். மருத்துவமனையின் பெரிய டாக்டர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதுகிற கட்டம் காலியாக இருந்ததாம். அந்த மருந்தையே கொடுத்துவிட்டார்களாம். ஆள் பிழைத்ததே பெரிது. நர்ஸ்கள் தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்பும் குறிப்பில் இருபத்து மூன்று கட்டங்கள் உண்டு. இனிமேல் ஒன்று கூடக் காலியாக இருக்கக்கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு.

"அதனால அந்தப் பக்கத்துக்கு வெளியே போற கேட் ஒண்ணு வைங்க மேடம். இருபத்து மூணும் நிரப்பாம யாரும் வெளியே வரக்கூடாது" என்றார் நூறு.

உள்ளே விடாத கேட்டைப் போலவே வெளியே விடாத கேட்டும் தொழிலில் உண்டு. பாதி எழுதிய கடிதத்தைச் சேமிக்காமல் கிளம்பினால், போகட்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்குமே, அது. கேட்டுவிட்டு விட்டுவிடும். இவர் கேட்பது விடவே விடாத ரகம்.

"அவங்க வார்டுல ஓடிக்கிட்டே வேலை பாக்குறவங்க. நடுவுல எழுந்து போகணும்னா?" என்று கேட்டாள்.

"நிரப்பிட்டுப் போகட்டும்."

அரை மணி நேரம் வாதாடினாள். அன்றைக்கு அவளுடைய அண்ணனுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்க நாலு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள், அவள்தான் கூட்டிப்போக வேண்டும். மூன்றே கால் ஆகிவிட்டது. வாதாடி ஜெயிக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். எழுதி முடிக்கப் பத்து நிமிடம் போதும். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

சும்மா எழுதியிருந்தால் கூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் வந்து, கை சும்மா இராமல், அதை இன்னும் உறுதியாக்கினாள். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி உள்ளே வந்தாலும் பாதியில் விட்ட அதே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்படி செய்தாள். தொழில் கர்வம்தான், வேறென்ன. ஓட்டை இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. தானே திருடியாகி எல்லா வழியிலும் தப்பிக்கப் பார்த்து, முடியாமல் போனதும் திருப்தியாகத் தேநீர் குடித்தாள்.

அந்த மாதமே நூறு, சுவரில் தொங்கும் பெரிய திரையில் ஒரு பச்சைக் கோடு போட்டார். குறிப்புகள் முழுமை: நூறு சதவீதம். அவர் வாழ்க்கையில் அதைவிட அழகான கோட்டைப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணனுக்குப் பித்தப்பையில் கல் என்று அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐந்தாம் வார்டு, பதினோராம் கட்டில். அண்ணன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். நாற்பத்தாறு வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவார், யார் எதிரில் இருந்தாலும். வார்டு முழுக்க அந்தப் பெயர் பரவுவதற்கு அரை நாள்தான் ஆனது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சாயங்காலம், வார்டு சிஸ்டர் சக்கரம் வைத்த மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்பதை நெருங்குகிற, வேகமாகப் பேசுகிற பெண். கை அதைவிட வேகம். பெயர், வயது, ரத்த அழுத்தம் என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். மூன்று கட்டம் முடிந்திருக்கும், எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும், அது இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. சிஸ்டர் மேசையின் மேல் குனிந்து ஒரே விரலால் டக் டக் டக் டக் என்று தட்டினாள். பக்கம் மாறியது. பட்டியலைப் பார்த்தாள், ஓடினாள். பெரியவருக்கு மாத்திரை கொடுத்து, அவர் மூச்சு சீரானதும் திரும்பி வந்தாள்.

கேட் அக்காவின் கண் திரையிலேயே நின்றுவிட்டது. "சிஸ்டர், இப்ப என்ன அடிச்சீங்க?"

"புள்ளி."

"என்ன புள்ளி?"

"எல்லாக் கட்டத்துலயும் ஒரு புள்ளி. அப்பத்தான் இது வெளிய விடும். எவனோ ஒரு புண்ணியவான் பண்ணி வச்சிருக்கான் பாருங்க, உள்ள போனா வெளிய வர முடியாது. அவன் கையில ஒரு நாளைக்கு இந்த வார்டைக் குடுக்கணும், நாப்பது கட்டில், ரெண்டே பேர். அப்பத் தெரியும்." சிஸ்டர் இதைக் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. தலையணை உறையை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

கேட் அக்காவுக்குக் காது சுட்டது. எழுந்து திரையில் நாலாவது கட்டத்தைப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அண்ணனுக்கு ஒரு வகை ஊசி ஆகவே ஆகாது. ஒரு முறை போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சடைத்து, அம்மா தெருவில் நின்று கத்தியிருக்கிறாள்.

"இவருக்கு ஒத்துக்காத ஊசி ஒண்ணு இருக்கு சிஸ்டர்!"

"தெரியும்மா. காலையிலயே உங்க அண்ணன் சொல்லிட்டார். இதோ பாருங்க." கட்டிலின் தலைமாட்டில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, அதில் பேனாவால் ஊசியின் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. "முக்கியமானது எல்லாத்தையும் நாங்க பிளாஸ்டர்லதான் எழுதுவோம். அதைத்தான் பாப்போம். கம்ப்யூட்டர்ல இருக்கறது மேல இருக்கறவங்களுக்கு."

"அந்த எவனோ ஒருத்தன் நான்தான் சிஸ்டர்" என்று கேட் அக்கா சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுக்கு நாக்கு அப்படி.

சிஸ்டர் உறையைப் பாதியில் விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாப்பாவா?" என்றாள். பிறகு தலையணையை அவள் கையில் கொடுத்து, "அப்ப இதை நீங்களே மாட்டுங்க. எனக்கு இன்னும் இருபத்தொன்பது கட்டில் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அண்ணனைத் தள்ளுவண்டிக்கு மாற்றி அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். கட்டில் வார்டிலேயே நின்றது, பிளாஸ்டரும் கட்டிலோடு நின்றது. அண்ணனோடு போனது கணினியில் இருந்த குறிப்பு மட்டும்தான், அதில் நாலாவது கட்டத்தில் புள்ளி. பிளாஸ்டரைப் பார்த்த நிம்மதியில் அதைத் திருத்தச் சொல்ல அவளும் மறந்திருந்தாள். இது அப்போதுதான் கேட் அக்காவுக்குப் புரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளுவண்டியின் பின்னால் ஓடினாள். வாசலில் மயக்க மருந்து கொடுக்கிறவரைப் பிடித்து, ஊசியின் பெயரை மூன்று முறை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்து, அவர் புறங்கையில் பேனாவால் எழுதவும் வைத்தபிறகுதான் விட்டாள். அண்ணன் கண் விழித்து, "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டபோது மத்தியானம் மூன்று மணி. அவள் அழுதாள், அண்ணன் உடம்புக்காக மட்டும் இல்லை. ஆள் இல்லாமல் தனியாக வந்து படுத்திருக்கிற எத்தனை பேருடைய பின்னால் யார் ஓடினார்கள்?

அடுத்த நாள் ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக எண்ணினாள். மூன்று மாதத்தில், வெறும் புள்ளி மட்டும் இருக்கிற கட்டங்கள் எத்தனை? நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அதில் ஒத்துக்கொள்ளாத மருந்துக் கட்டங்கள் மட்டும் ஆயிரத்து எழுநூறு. தாளில் எடுத்து நூறின் மேசையில் வைத்தாள்.

"இந்தக் கேட்டை இன்னைக்கே எடுக்கணும். பாதியில சேமிச்சிட்டுப் போக விடணும். நிரப்பாத கட்டம் சிவப்பா நிக்கட்டும், திரும்பி வந்து நிரப்புவாங்க."

நூறு தாளைப் படித்தார். முகத்தின் நிறம் மாறியது. "எடுத்தா கோடு எத்தனைக்கு விழும்?"

"அறுபதுக்கு."

"அறுபதா!" யாரோ செத்துப்போன செய்தி கேட்ட மாதிரி சொன்னார். "அதுக்குப் பதிலா, புள்ளியை மட்டும் தடுத்துடுங்களேன்."

"புள்ளியைத் தடுத்தா கமா போடுவாங்க. கமாவைத் தடுத்தா 'அஅஅ' போடுவாங்க. அவங்களுக்கு அங்க உயிரைப் பாக்கணும் சார், நம்ம கட்டத்தை இல்லை. கட்டம் காலியா இருந்தா, யாரும் இன்னும் கேக்கலைன்னு பாக்குறவனுக்குத் தெரியும். புள்ளி இருந்தா, கேட்டாச்சு, ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்குவான். காலியை விட இது மோசம். நான்தான் எழுதினேன், அதனாலதான் சொல்றேன்."

"யார் சொன்னாங்க உங்களுக்கு இதெல்லாம்?"

"நானே பாத்தேன். அஞ்சாம் வார்டுல."

வாய் தவறி வந்துவிட்டது. அதன் விலை அன்று சாயங்காலமே தெரிந்தது. நூறு பெரிய டாக்டருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நர்ஸ்கள் பொய்யான பதிவுகள் செய்வது கண்டுபிடிக்கப்பட்டது, குறிப்பாக ஐந்தாம் வார்டில், என்று எழுதியிருந்தார். பெரிய டாக்டர் கொதித்துப்போய், புள்ளி வைத்த ஒவ்வொருவர் பெயரும் வேண்டும் என்று கேட்டார். ஐந்தாம் வார்டு சிஸ்டருக்கு மெமோ போய்விட்டது, ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். யார், எந்த நிமிடத்தில், எந்தக் கட்டத்தில் என்ன அடித்தார்கள் என்பது எல்லாம் கணினியில் பதிந்திருக்கிறது. பட்டியலை எடுக்கிற வேலை கேட் அக்காவின் தலையில் விழுந்தது.

அவள் போய்ச் சிஸ்டரைப் பார்த்தாள். மருந்து அலமாரியின் முன்னால் நின்று மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. "பதினாலு வருஷம் சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது" என்றாள். "நல்லா இருங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "உள்ள மாட்டிக்கிட்டவன் கதவை உதைச்சான்னு எங்காவது கேஸ் போடுவாங்களா?" என்று கேட்டார். பிறகு, "நீ என்ன பண்ணப் போற?" என்றார்.

"பட்டியலைக் குடுக்கப் போறேன்" என்றாள் கேட் அக்கா. "முழுசா குடுக்கப் போறேன்." சொன்ன விதத்தைக் கேட்டதும் அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அந்தக் குரல் அவருக்குப் பழக்கம்தான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய டாக்டரின் அறை. நீள மேசை, சுவரில் திரை, ஒரு மூலையில் கை கழுவும் தொட்டி. அறுபது வயதிலும் நேராக நிற்கிற மனிதர், எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். கேட் அக்கா மனதுக்குள் ஒன்றை ஒத்துக்கொண்டாள்: இவர் வேண்டுமென்று கெடுதல் செய்கிற ஆள் இல்லை. காலிக் கட்டத்தால் ஒரு உயிர் போகப் பார்த்தது, அதைத் தடுக்க நினைத்தார். நூறு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கதவருகே சீருடையில், மெமோவை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பட்டியல் எங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"ரெடியா இருக்கு டாக்டர். குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். ஒரே ஒரு குறிப்பை நீங்களே நிரப்பிக் காட்டுவீங்களா? பதினோராம் கட்டில் நோயாளி எங்க அண்ணன். நீங்கதான் ஆபரேஷன் பண்ணீங்க. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். 'என் பக்கத்தை வச்சு யாரை வேணும்னாலும் அடி பாப்பா'ன்னு சொல்லிட்டார்."

"மேடம், இது என்ன விளையாட்டு?" என்று நூறு எழுந்தார்.

பெரிய டாக்டர் கையமர்த்தினார். "அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்ய முடியலைன்னுதானே புள்ளி வைக்கிறாங்க? செஞ்சே காட்டுறேன்." தன் கணினியை இழுத்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு, பக்கத்தைத் திறந்தார். இரண்டு விரலால் அடித்தார். முதல் மூன்று கட்டம் ஒழுங்காகப் போனது. நாலாவதில் நின்றார். "இவருக்கு என்ன ஒத்துக்காதுன்னு வார்டைக் கேக்கணும். அப்புறம் போடுறேன்." ஐந்தாவதையும் ஆறாவதையும் அடித்தார்.

கேட் அக்கா எந்தச் சூழ்ச்சியும் செய்திருக்கவில்லை. ஒரு டாக்டருக்குப் பத்து நிமிடத்தில் ஒரு போன் வராமல் இருக்காது என்று மட்டும் நம்பினாள். நாலு நிமிடத்திலேயே வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து. ஒரு அம்மாளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது. ஏற்கனவே கொடுத்திருந்த மருந்தின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். நேற்று பெரிய டாக்டர் பார்த்த பரிசோதனை முடிவில் என்ன இருந்தது?

"இரு, பாத்துச் சொல்றேன்" என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மாளின் பக்கத்தைத் திறக்கப் போனார். பெட்டி ஒன்று குதித்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பாமல் வெளியேற முடியாது. மறுபடி அழுத்தினார். மறுபடி குதித்தது. "என்ன இது?" என்றார். எல்லாவற்றையும் மூடிவிட்டு, கடவுச்சொல்லைப் போட்டுத் திரும்ப உள்ளே வந்தார். கேட் அக்கா தேநீர் குடித்துக் கொண்டாடிய அந்த வேலைப்பாடு, அவரை அதே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

"சார், லைன்ல இருக்கீங்களா சார்?" போனில் இருந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

பெரிய டாக்டரின் விரல் கீழே இறங்கியது. டக். அடுத்த கட்டம். டக். டக். டக். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினெட்டு கட்டத்திலும் புள்ளி வைத்து, வெளியே வந்து, அந்த அம்மாளின் பக்கத்தைத் திறந்து, எண்ணைப் படித்தார். "குறை. பாதியாக்கு. சீராகலைன்னா உடனே கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தார். முழுவதும் இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது.

நிமிர்ந்தவர், இரண்டு பெண்களும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். நூறு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் பக்கத்துக்குத் திரும்பப் போங்க டாக்டர். நாலாவது கட்டத்தைப் படிங்க" என்றாள் கேட் அக்கா.

அவர் போனார். வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது செய்முறை விளக்கம்தானே சார், அழிச்சிடலாம்" என்று நூறு அவசரமாகச் சொன்னார்.

"அழிக்க முடியாது. இதுவும் பதிவாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கேட் அக்கா தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க கேட்ட பட்டியல் டாக்டர். நேத்து வரைக்கும் முப்பத்தெட்டு பேர். இப்ப முப்பத்தொன்பது. கடைசிப் பேரைப் பாருங்க."

கடைசிப் பெயர் அவருடையது. பதினொன்று பன்னிரண்டு, பதினெட்டுப் புள்ளிகள்.

"மேல முதல் பேர் யாரு? இந்தப் பேர்ல இங்க நர்ஸ் யாரும் இல்லையே" என்று கேட்டார் பெரிய டாக்டர். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"அது நான். இந்தக் கேட்டை எழுதினவ. தப்புன்னு தெரிஞ்சும் எழுதினேன், யாரும் என் கழுத்துல கத்தி வைக்கலை. நடுவுல இருக்கற முப்பத்தேழு பேரும் நான் பூட்டின இடத்துலேர்ந்து நோயாளிகிட்ட ஓடினவங்க. இப்ப நீங்க ஓடினீங்களே, அதே மாதிரி. மெமோ குடுக்கணும்னா மேலேயிருந்து ஆரம்பிங்க, இல்லை கீழேயிருந்து ஆரம்பிங்க. நடுவுல கை வைக்காதீங்க."

அவர் சிஸ்டரின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "அந்தப் பேப்பரைக் குடுங்க."

சிஸ்டர் கொடுக்கவில்லை. மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். "மெமோ எழுத்துல வந்துச்சு டாக்டர். வாபஸும் எழுத்துல வரட்டும். முப்பத்தேழு பேருக்கும் வரட்டும்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து, "உக்காருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.